ஓம் சொல்லாத இரண்டு மொழிகள்

மொன்றியல் விமான நிலையத்தை ஒட்டிய டோர்வலில் வேலைக்குச் சேர்ந்த முதற்கிழமையே, ஒருத்தியிடம் அவளுடைய நாயின் சுகத்தை விசாரித்து அவமானப்பட்டேன். விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் பெரிய சமையற்கூடம் அது. நீளமான பட்டி ஒன்று ஓடிக்கொண்டேயிருக்கும். அதன் இரண்டு பக்கமும் நின்று, நகர்ந்து வரும் தட்டுகளில் பாண், பட்டர், சலாது, கரண்டி என்று அவரவர் பங்கை அவரவர் வைக்க வேண்டும். எனக்கு எதிர்ப்பக்கம் நின்றவள் ஸபேலா. தேநீர் இடைவேளையில் அவள் தொலைபேசியைக் காதோடு அழுத்திப் பிடித்துக் கண் கலங்கக் கதைத்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பிடிபட்டது ஒரேயொரு சொல். “மிஞா நாய், மிஞா நாய்” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். பாவம், தூர தேசத்தில் விட்டுவிட்டு வந்த செல்லப்பிராணியாக்கும் என்று நினைத்து, தொலைபேசியை வைத்ததும் என்னுடைய இரண்டு மாதப் பிரெஞ்சில், நாய்க்கு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டேன். தனக்கு நாயே கிடையாது என்றாள். நான் விடவில்லை. “இல்லை, நீர் இப்ப நாய் நாய் எண்டு சொன்னனீர்” என்றேன்.

கலீசியன் மொழியில் ‘நாய்’ என்றால் அம்மா என்பது அப்படித்தான் எனக்குத் தெரிய வந்தது. நான் சுகம் விசாரித்த அந்த நாய், பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். குளியலறையில் வழுக்கி விழுந்து கால் முறிந்திருந்தது. எங்கள் மொழியில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று ஸபேலா கேட்டபோது என்னால் பொய் சொல்ல முடியவில்லை. அவள் முகத்தைப் பார்க்காமல் நான் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்க, பக்கத்தில் பால் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த மிஸ்யே லாவ் தலையை நீட்டினார். கையிலிருந்த குட்டிப் பால் பெட்டியைத் தட்டிக் காட்டி, “நாய்” என்றார். கன்டனீஸ் மொழியில் அது பால். இடைவேளை முடிந்தும் அடங்காத ஸபேலாவின் சிரிப்பில் பட்டியை ஒரு நிமிஷம் நிறுத்த வேண்டி வந்தது. மூன்று பேரும் சிநேகிதரானோம்.

ஸபேலா ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் இருக்கும் கலீசியாவிலிருந்து, ஒரு மாலுமியைக் கலியாணம் செய்து, பிறகு அவனை விட்டுவிட்டு, மொன்றியலை மட்டும் விடாமல் வைத்திருப்பவள். லாவ் ஹொங்கொங்கிலிருந்து வந்தவர். மனைவி இறந்துவிட்டார், ஒரே மகள் மேய் வன்கூவரில் இருந்தாள். என்னை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பெயர் தமிழ்ச்செல்வி, ஊர் யாழ்ப்பாணம், கணவர் துறைமுகத்தில் லொறி ஓட்டுகிறார், மகள் வீட்டில் பிரெஞ்சு பேசிக் கொல்கிறாள். எங்கள் மூவருக்கும் பொதுவாக இருந்தது ஒரு நொண்டிப் பிரெஞ்சு. அதை நான் இங்கே எழுதும்போது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் வருகிறது. ஒரு ஹொங்கொங்காரர் ‘எண்டு’ என்றும் ‘கண்டியளோ’ என்றும் கதைப்பதைப் பார்த்து நீங்கள் ஆச்சரியப்பட வேண்டாம். அவர் கதைத்த பிரெஞ்சும் கிட்டத்தட்ட அந்த அளவுக்குத்தான் பிரெஞ்சாக இருந்தது.

அவர்கள் இருவருக்கும் இடையில் ஒரு தீராத வழக்கு இருந்தது. எது உண்மையான மொழி என்பதுதான் வழக்கு. லாவ் சொல்வார்: “கலீசியன் எண்டு ஒண்டு இல்லை. அது போர்த்துக்கீசு. கொஞ்சம் மழையில நனைஞ்சு போச்சு.” ஸபேலா விடமாட்டாள்: “கன்டனீஸ் எண்டு ஒண்டு இருக்கோ? சைனீஸ் எண்டுதானே எல்லாரும் சொல்லினம்.” இருவருக்கும் புண் எங்கே இருக்கிறது என்று இருவருக்கும் தெரியும். ஸபேலாவின் அம்மா வகுப்பில் கஸ்தீலிய ஸ்பானிஷ் மட்டும் படிப்பித்து, கலீசியன் பேசிய பிள்ளைகளை மூலையில் நிறுத்திவிட்டு, பின்னேரம் வீட்டுக்கு வந்து தன் கோழிகளைக் கலீசியனில் கூப்பிட்டவர். லாவின் ஊரிலோ பாட்டு, படம், சந்தைச் சண்டை எல்லாம் கன்டனீசில்தான். ஆனால் இங்கே எந்தப் படிவத்திலும் ‘சைனீஸ்’ என்று ஒரே ஒரு பெட்டி. அதில் புள்ளடி போட்டால் மண்டரின் பேசும் ஒருவரைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்துவார்கள். எழுத்து ஒன்று, வாய் வேறு. அந்த ஆளும் லாவும் ஒருவரையொருவர் பார்த்துக் குனிந்து கும்பிட்டுவிட்டுப் பிரெஞ்சில் கதைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

நான் நீதிபதி மாதிரி நடுவில் நின்றாலும் எனக்கும் இதில் பங்கு இருந்தது. மொன்றியலுக்கு வந்த புதிதில், சலவைக் கடையில் சந்தித்த ஒரு சென்னைப் பெண் நான் பத்து நிமிஷம் கதைத்ததை அன்பாகக் கேட்டுவிட்டு, “உங்க மலையாளம் ரொம்ப ஸ்வீட்டா இருக்கு” என்றார். அந்தக் கதையைச் சொன்னபோது ஸபேலாவும் லாவும் முதல்தடவையாக ஒரு பக்கம் சேர்ந்து எனக்காகக் கோபப்பட்டார்கள்.

மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க இந்த ஒப்பீட்டிலேயே போகும். என்ன பெரிய ஆராய்ச்சி என்று கேட்காதீர்கள். எங்களுக்கு அது கேரம் விளையாடுவது மாதிரி. எங்கள் அரிவரியில் க-வுக்கு அடுத்து ங என்று ஓர் எழுத்து இருக்கிறதே, ஆயுள் முழுக்க க-வின் கையைப் பிடித்துக்கொண்டே நடக்கிற எழுத்து. அதற்கு லாவின் வாயில் சுதந்திரம் கிடைத்திருந்தது. தன்னைச் சுட்டி ‘ஙோ’ என்பார். மாடு, ‘ஙௌ’. ஐந்து என்ற எண்ணுக்கு வெறும் ‘ங்’. உயிரே வேண்டாம், மூக்கு மட்டும் போதும். ஸபேலாவும் சளைத்தவளில்லை. ஒரு மேசை என்பதற்கு ‘உஙா மேசா’ என்றாள். பக்கத்து வீட்டுப் போர்த்துக்கீசருக்கும் ஸ்பானியருக்கும் அந்தச் சொல்லில் அந்த ங வராதாம். அதுதான் தங்கள் மொழி தனி மொழி என்பதற்குச் சாட்சி என்று லாவிடம் வாதாடினாள். நான் இரண்டையும் தமிழ் எழுத்தில் ஒரு தட்டுக் கடதாசியில் எழுதிக் காட்டினேன். எந்த எழுத்தும் வளையாமல் நெளியாமல் உட்கார்ந்தது. அப்போதுதான் ‘மேசா’ என்றது எனக்கு உறைத்தது. “மேசையை நாங்களும் மேசை எண்டுதான் சொல்லுறம்” என்றேன். ஸபேலா கதிரையைத் தட்டினாள். “கதேய்ரா.” கதிரை. பாணைத் தூக்கினாள். “பான்.” பாண். திறப்பைக் காட்டினாள். “சாவே.” அதைத் தமிழில் சாவி என்றும் சொல்வார்கள் என்றேன். அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, “எங்கட சாமானெல்லாம் உங்கட வீட்டில எப்பிடி?” என்று கேட்டாள். “நாங்கள் எடுக்கேல்லை. உங்கட பக்கத்து வீட்டுக்காரர் கப்பல்ல கொண்டுவந்து இறக்கினவை. திருப்பி வாங்கிக்கொண்டு போக மறந்திட்டினம்” என்றேன்.

வினைச்சொல் என்று வந்தால் நான் ஸபேலா பக்கம். சாப்பிட்டேன், சாப்பிட்டாய், சாப்பிட்டார்கள் என்று அவளுக்கும் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வால். லாவின் சொல்லோ அசையாது. நேற்றும் ‘சிக்’, நாளைக்கும் ‘சிக்’, நானும் ‘சிக்’, அரசனும் ‘சிக்’. சோம்பேறி மொழி என்றாள் ஸபேலா. வாலை ஆட்டுகிற வேலையைத் தங்கள் மொழியில் குரல் பார்க்கிறது என்றார் லாவ். அது உண்மைதான். ‘தொங்’ என்று உயர்த்திச் சொன்னால் சூப். அதையே கீழே இறக்கிச் சொன்னால் சீனி. நான் மூன்று வருஷம் முயன்றும் ஒருநாள்கூட அவரிடமிருந்து சூப்பை வாங்கியதில்லை. ஒவ்வொரு முறையும் முகம் மாறாமல் சீனிப் பக்கற்றை நீட்டுவார்.

ஆனால் ஊர்க்கதை என்று வந்தால் மூவரும் ஒரே குடும்பம். எங்கள் ‘ஆம்’ இருக்கிறதல்லவா, வருவாராம், போவாராம், அவளை விட்டிட்டாராம் என்று பொறுப்பை முழுக்க வேறு யாரோ தலையில் கட்டுகிற அந்த வால். அதற்கு லாவ் வசனத்தின் கடைசியில் ‘வோ’ என்று ஒன்றை வைத்திருந்தார். ஸபேலாவிடம் வசனத்தின் முதலிலேயே ‘டிஸ்கே’ என்று ஒன்று இருந்தது. மேலதிகாரிக்கு இடமாற்றமாம் என்ற செய்தி எங்கள் மேசையில் மூன்று மொழியிலும் பொறுப்பில்லாமல் மூன்று சுற்று வரும்.

அந்த மேலதிகாரி கெபெக்கில் பிறந்து வளர்ந்த பொறுமைசாலி. அவருடைய பொறுமையைச் சோதித்தது எங்களிடமிருந்த இன்னொரு ஒற்றுமை. “விளங்கினதா?” என்று அவர் கேட்டால், “விளங்கினது” என்பேன் நான். “விளங்கினேன்” என்பாள் ஸபேலா. “விளங்கு” என்பார் லாவ். “கரண்டி இருக்கா?” “இருக்கு.” “நாளைக்கு வருவீர்களா?” “வருவம்.” அவர் கடைசியில் இரண்டு கையையும் விரித்து, “வுயியா, நோனா?” என்று கேட்பார். அவருக்குத் தேவை ஒரு வுயி, அதாவது ஆமாம் என்கிற ஓம். ஓம் என்ற சொல் எனக்கு இருக்கிறதுதான். ஆனால் கேட்ட வினையையே எடுத்துத் திருப்பிக் கொடுத்தால்தான் பதில் சொன்னதுபோல இருக்கும். கலீசியாவிலும் அப்படித்தானாம். கோப்பி வேண்டுமா என்றால், வேண்டும். கன்டனீசிலோ தனியாக ஓம் என்று ஒரு சொல்லே இல்லை என்று லாவ் பெருமையாகச் சொன்னார். இல்லை என்பதற்கு மட்டும் சுலபமான வழி உண்டு. வினைக்கு முன்னால் வாயைத் திறக்காமல் ‘ம்’ என்றால் போதும். நாங்கள் சம்மதத்துக்குப் போடுகிற அதே ‘ம்’. இதனால் முதல் வருஷம் நான் ஓம் என்று நினைத்து வைத்த அவருடைய இல்லைகள் எத்தனை என்று எனக்கே தெரியாது.

பெப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை. காலை ஒன்பது மணியிருக்கும். லாவ் வழக்கம்போல வந்து ஜன்னலைக் காட்டி “லொக் ஷுட்” என்றார். பனி கொட்டுகிறது என்று அர்த்தம். குளிர்காலம் முழுக்க அதுதான் அவருடைய காலை வணக்கம். அரை மணித்தியாலம் கழித்து, பட்டியில் வந்த தட்டுகளில் பால் இல்லை. ஒன்று, இரண்டு, ஐந்து தட்டுகள். நிமிர்ந்து பார்த்தேன். அவர் வலது கையில் பால் பெட்டியை வைத்துக்கொண்டு அந்தக் கையையே உற்றுப் பார்த்தபடி நின்றார். வேறு யாருடைய கையோ தன் சட்டைக்குள் வந்துவிட்டதைப்போல இருந்தது அந்தப் பார்வை. ஸபேலா பட்டியைச் சுற்றி ஓடினாள். அவள் போய்ப் பிடித்ததால்தான் தலை நிலத்தில் அடிபடவில்லை.

பாரிசவாதம் என்று வைத்தியசாலையில் சொன்னார்கள். உயிருக்கு ஆபத்தில்லை, வலப்பக்கம் பலவீனம், பேச்சு பாதிப்பு. மேய் வன்கூவரிலிருந்து புறப்படுவதற்குள் இங்கே பனிப்புயல் பிடித்து விமானங்களை நிறுத்திவிட்டார்கள். அவளால் செவ்வாய்க்கிழமைதான் வந்துசேர முடிந்தது. ஞாயிறு நாங்கள் போனபோது, தாதி எங்களைத் தனியே கூப்பிட்டு ஒரு விஷயம் சொன்னார். லாவ் தெளிவாக இல்லை, கேட்பதற்கு ஓம் இல்லை சொல்லக்கூட முடியவில்லை. மறுநாள் காலை ஒருவர் வந்து சோதிப்பார். அதை வைத்துத்தான் அவரைப் பயிற்சி கொடுக்கும் நிலையத்துக்கு அனுப்புவதா, அல்லது நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்தில் பெயரைப் பதிவதா என்று முடிவெடுப்பார்கள். பயிற்சி நிலையத்தில் காலியாக இருந்த இடத்துக்கு மதியத்துக்குள் பதில் போக வேண்டும். பராமரிப்பு இல்லம் என்றால் என்ன என்று எங்கள் இருவருக்கும் தெரியும். ஜன்னலோரம் ஒரு கதிரை, கழுத்தில் ஒரு துண்டு.

திங்கள் காலை இருவரும் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் போனோம். சோதிக்க வந்தவர் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மெலனி என்ற இளம்பெண். நல்ல முகம். “நீங்கள் குடும்பமா?” என்று கேட்டார்.

“குடும்பம் இல்லாட்டி இந்தப் பனிக்குள்ள எட்டு மணிக்கு ஆர் வருவினம்?” என்றாள் ஸபேலா. கலீசியர்கள் கேள்விக்குக் கேள்வியால்தான் பதில் சொல்வார்கள் என்று அவளே சொல்லியிருக்கிறாள். மெலனி அதை ஓம் என்று எடுத்துக்கொண்டார்.

தொலைபேசியில் ஒரு மொழிபெயர்ப்பாளரைப் பிடித்தார்கள். அந்தக் குரல் ஏதோ சொன்னது. லாவ் தொலைபேசியை, கெட்டுப்போன மீனைப் பார்ப்பதைப்போலப் பார்த்தார். இரண்டு தரம் முயன்றபின் அந்தக் குரலே நேர்மையாகச் சொல்லிவிட்டது: “மதாம், இவருக்குக் கன்டனீஸ் வேணும். நான் மண்டரின்.” கன்டனீஸ் பேசுபவர் வியாழக்கிழமைதான் வருவார். மெலனி பெருமூச்சு விட்டு, கட்டிலோரம் உட்கார்ந்து, தானே மெதுவான பிரெஞ்சில் கேட்கத் தொடங்கினார். லாவ் இந்த நாட்டில் முப்பது வருஷம் இருந்தவர். பிரெஞ்சு அவருக்கு விளங்கும். கேள்வி உள்ளே போகிறது என்பது அவர் கண்ணில் தெரிந்தது.

“உங்களுக்கு மகள் இருக்கிறாவா?”

லாவின் வாய் ஒரு பக்கம் இழுத்தது. “யௌ” என்றார்.

மெலனி கடதாசியில் ஒரு கோடு போட்டார். “ஜூலை மாதம் மொன்றியலில் பனி கொட்டுமா?”

“ம்… லொக்.”

இன்னொரு கோடு. “காலைச் சாப்பாடு சாப்பிட்டீர்களா?”

“சிக் ஸோ.”

மூன்றாவது கோடு. மெலனி எங்களைப் பார்த்து, மன்னிப்புக் கேட்கும் குரலில், “சத்தம் வருகிறது. ஆனால் வுயியோ நோனோ வரவில்லை. கேள்விக்குக் கேள்வி சத்தம் மாறுகிறது” என்றார்.

யௌ என்பதை நான் ஒரு நாளைக்கு நூறு தரம் கேட்டிருக்கிறேன். பட்டியின் மறுபக்கம் கரண்டி இருக்கிறதா என்று கத்தினால் வருகிற பதில் அது. இருக்கு. நான் வாயைத் திறப்பதற்குள் ஸபேலா எழுந்துவிட்டாள். “அவர் பதில் சொல்லிப்போட்டார்” என்றாள். “மூண்டுக்கும் சொல்லிப்போட்டார். நீங்கள்தான் வுயியைத் தேடிக்கொண்டு இருக்கிறியள்.”

மெலனிக்கு விளங்கவில்லை. பிரெஞ்சில் இதை விளங்கப்படுத்துவது எப்படி என்று எங்களுக்கும் தெரியவில்லை. ஆகவே செய்து காட்டினோம். ஸபேலாவிடம் மகள் இருக்கிறாளா என்று பிரெஞ்சில் நான் கேட்டேன். “தேஞோ” என்றாள் கலீசியனில். உண்டு. பிறகு அவள் என்னிடம் பிரெஞ்சில் கேட்க, நான் தமிழில் பதில் சொன்னேன். “இருக்கிறா.” ஜூலையில் பனி கொட்டுமா? “கொட்டாது.” சாப்பிட்டாச்சா? “சாப்பிட்டன்.” மெலனி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “இப்ப நாங்கள் ரெண்டு பேரும் ஒருக்காக்கூட ஓம் சொல்லேல்லை” என்றேன். “எங்களையும் இல்லத்துக்கு அனுப்புவீங்களா?”

அவர் சிரிக்கவில்லை. “நான் பாரிசுக்குப் போனபோது பாண் கடையில் எங்கள் கெபெக் பிரெஞ்சில் கேட்டேன். அவர்கள் எனக்கு இங்கிலீஷில் பதில் சொன்னார்கள்” என்றார். பிறகு புதிய கடதாசி ஒன்றை எடுத்தார். “இவர் சொன்னதன் பொருள் உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா?”

அதுதான் கஷ்டமான கேள்வி. சூப்புக்கும் சீனிக்கும் வித்தியாசம் சொல்லத் தெரியாதவள் நான். ஒரு மனுஷனின் மிச்ச வாழ்க்கை என் காதில் வந்து நின்றது. நான் பிழை விட்டால்? நிச்சயமாக எனக்குத் தெரிந்ததை மட்டும் சொன்னேன். “முன்னுக்கு ம் வந்தால், இல்லை. ம் வராட்டி, ஓம். அவ்வளவும்தான் நான் பொறுப்பு.”

மெலனி மறுபடி தொடங்கினார். இம்முறை கேட்டவுடன் சத்தத்தை அப்படியே எழுதினார். ம் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்த்தார். நீங்கள் இருப்பது கப்பலிலா? ம். இது வைத்தியசாலையா? ம் வரவில்லை. எனக்குத் தாடி இருக்கிறதா? இதற்கு மட்டும் லாவ் “மோவ்” என்றார். அது யௌ-வின் எதிர்ச்சொல், கரண்டி முடிந்தால் சொல்வது. அதையும் எழுதச் சொன்னேன். ஒன்பது கேள்வி. மெலனியின் பேனா வேகமாகப் போகத் தொடங்கியது. எட்டுச் சரி. ஒன்றில் அவர் களைத்துப்போய் ஏதோ முனகிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அந்த முனகலையும் மெலனி எழுதி வைத்தார்.

“பத்தாவதை நான் கேக்கட்டோ?” என்றாள் ஸபேலா. கட்டிலுக்குக் கிட்டப் போய், அவருடைய முகத்துக்கு நேரே குனிந்தாள். “லாவ். கலீசியன் ஒரு தனி மொழியோ?”

அவர் கண்ணைத் திறந்தார். அவளைப் பார்த்தார். வாயின் ஒரு பக்கம் அசையவில்லை. மற்றப் பக்கம் மெல்ல, மிக மெல்ல மேலே ஏறியது.

“ம் ஹாய்” என்றார்.

இல்லையாம். ஸபேலா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினாள். சிரிப்பும் கூடவே வந்தது. மெலனி பதறிப்போய், “என்ன சொன்னார்? சரியா, பிழையா?” என்று கேட்டார். ஸபேலா மூக்கைத் துடைத்துக்கொண்டு, “பிழை. முழுப் பிழை. ஆனா சரி எண்டு போடுங்கோ” என்றாள்.

மதியத்துக்கு முன் பதில் போனது. வியாழக்கிழமை கன்டனீஸ் மொழிபெயர்ப்பாளர் வந்து எல்லாவற்றையும் திரும்பச் சோதித்து, நாங்கள் எழுதியதில் ஒரேயொரு பிழை கண்டுபிடித்தார். எட்டுச் சரியென்று நாங்கள் நினைத்தது உண்மையில் ஒன்பதாம். களைத்துக் கண்ணை மூடியபோது அவர் முனகியதும் சரியான பதில்தானாம். மேய் அதைக் கேட்டுவிட்டு எங்கள் இருவரின் கையையும் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா ஏதோ உளறுகிறார் என்று தொலைபேசியில் அவளும் நினைத்திருந்தாளாம். வீட்டில் அவரோடு இங்கிலீஷில் கதைத்தே பழகிவிட்டவள். தன் கன்டனீசில் ஙோ எல்லாம் வெறும் ‘ஓ’ ஆகிவிட்டது என்றும், அதற்காக அவரிடம் எத்தனையோ தரம் பேச்சு வாங்கியிருப்பதாகவும் சொன்னாள். எனக்கு அவளைக் குறை சொல்ல வாய் வரவில்லை. பெயரிலேயே தமிழை வைத்துக்கொண்டு அதைத் ‘தமிள்’ என்று சொல்கிற ஊர்க்காரி நான்.

பயிற்சி நிலையத்தில் லாவ் நான்கு மாதம் இருந்தார். தடியூன்றி நடக்கப் பழகினார். பிரெஞ்சு ஒவ்வொரு சொல்லாகத் திரும்பி வந்தது. ஏப்ரலில் வுயி வந்தது. வந்ததும் அதை எல்லாவற்றுக்கும் போட ஆரம்பித்தார். வலிக்கிறதா, வுயி. வலிக்கவில்லையா, வுயி. மெலனி தலையில் கை வைத்துக்கொண்டு, முன்பு இருந்ததே நல்லது என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் கொண்டுபோகும் சூப்பை மூடி திறந்து காட்டி ‘தொங்’ என்பேன். அவர் இடது கையால் சீனி தேடுவதுபோலப் பாசாங்கு செய்வார்.

ஆனால் பட்டிக்கு அவர் திரும்பவில்லை. ஜூனில் மேய் அவரை வன்கூவருக்கு அழைத்துக்கொண்டாள். அங்கே வைத்தியர், கடை, முடி வெட்டுபவர் எல்லாரும் கன்டனீசாம். வழியனுப்ப விமான நிலையத்துக்குப் போனோம். எத்தனை வருஷம் அதன் பின்கதவால் போய் வந்திருக்கிறோம். முன்கதவால் உள்ளே போய் அப்படி நின்றது குறைவு. சக்கர நாற்காலியில் இருந்த லாவிடம், போகச் சந்தோஷமா என்று ஸபேலா கேட்டாள். அவர் சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தார். “அங்கை எல்லாருக்கும் நான் சொல்லுறது விளங்கும். அதுதான் யோசனையா இருக்கு.” பிறகு ஸபேலாவைக் காட்டி மேயிடம் கன்டனீசில் ஏதோ சொன்னார். மேய் சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தாள். “வன்கூவரில் ஒரு கலீசியரைத் தேடிப் பிடிக்கச் சொல்லுகிறார். சண்டைக்கு ஆள் வேண்டுமாம்.” ஸபேலா அவருடைய தொப்பியைச் சரிசெய்வதுபோல வெகுநேரம் குனிந்து நின்றாள். அவர்கள் சோதனை வாசலுக்குள் போனபின்னும் நாங்கள் உடனே திரும்பவில்லை.

பஸ் கீழ்த்தளத்தில்தான் வரும். வருகைக் கதவைத் தாண்டி நடந்தோம். ஒரு குடும்பம் அப்போதுதான் வெளியே வந்து நின்றது. கணவன், மனைவி, தோளில் நித்திரையாய்க் கிடக்கும் ஒரு பிள்ளை. ஜூன் மாத வெயிலுக்கு மூவரும் தடித்த குளிர்ச்சட்டை போட்டிருந்தார்கள். அந்தப் பெண் சுற்றுமுற்றும் பார்த்து, என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து கிட்ட வந்தாள்.

“அக்கா, பஸ் எடுக்கிறது எங்கால?”

தமிழில்தான் என் காதில் விழுந்தது. தமிழில்தான் விளங்கியது. ஆனால் வாயால் வெளியே வந்தது வேறொன்று. “ஆ கோஷ், மதாம்” என்றேன், இடதுபக்கம் கையை நீட்டியபடி. “ஆ கோஷ்.”

அவள் முகம் சட்டென்று மரியாதையாகிவிட்டது. கணவனிடம் திரும்பி, “தமிழ் ஆள் எண்டு நினைச்சிட்டன். வேற ஆரோ போல” என்றாள்.

“மெதுவாக் கதையும்” என்றான் அவன். “சிலபேருக்கு விளங்கும்.”

“என்ன கேட்டவ?” என்றாள் ஸபேலா. அவளுக்குப் பதில் சொல்வதை விட்டு, “தங்கச்சி” என்று கூப்பிட்டேன். அதற்குள் அவர்கள் நான் கைகாட்டிய திசையில் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். தானாகத் திறந்த கண்ணாடிக் கதவு தானாக மூடிக்கொண்டது. அந்தப் பக்கம் நின்று அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். சத்தம் கேட்கவில்லை. உதட்டை வைத்து விளங்கிக்கொண்டேன். விமானத்தில் பாடமாக்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும். நன்றி சொல்ல இந்த நாட்டில் தனக்குத் தெரிந்த முதற்சொல்லை, இந்த நாட்டுக்காரி ஒருத்திக்குக் கவனமாக எடுத்துத் தந்தாள். மெர்சி.

நான் தலையாட்டினேன். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.